சாமை உமி நீக்கும் யூனிட்: மானியம் எந்தத் திட்டத்தில், யார் பெயரில் எடுப்பது?

மலைச்சாமை எழுதியது:

வணக்கம். திருவண்ணாமலை மாவட்டம், ஜவ்வாது மலை அடிவாரம். 60 பேர், ஆளுக்கு ஓர் ஏக்கர் அளவுக்குச் சாமை போடுகிறோம். மானாவாரிதான். நல்ல வருஷத்தில் ஏக்கருக்கு நாலரை குவிண்டால் வரும். களத்திலேயே மூட்டை கட்டி வியாபாரிக்குக் கொடுத்துவிடுகிறோம். அரிசியாக்கி விற்றால்தான் கட்டுப்படியாகும் என்று எல்லோரும் பேசி முடித்திருக்கிறோம். 14 பெண்கள் உள்ள ஒரு சுயஉதவிக் குழுவும் எங்களோடு இருக்கிறது.

இயந்திரம் விற்கும் ஒருவர், மணிக்கு 200 கிலோ ஓடும் லைன் (இயந்திர வரிசை), கலர் சார்ட்டர் (நிறம் பார்த்து மணிகளைப் பிரிக்கும் இயந்திரம்) எல்லாம் சேர்த்து 22 லட்சத்துக்குக் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். பி.எம்.எஃப்.எம்.இ. என்ற, குறு உணவு பதப்படுத்தும் தொழில்களுக்கான பிரதமர் திட்டத்தில் 35% மானியம் கைக்கு வந்துவிடும், கவலை வேண்டாம் என்கிறார். இது சரியா? மானியம் முன்கூட்டியே வருமா? விண்ணப்பத்தை ஒருவர் பெயரில் போடுவதா, குழு பெயரிலா, இல்லை கம்பெனி பதிவு செய்ய வேண்டுமா? வேளாண் பொறியியல் துறையிலும் மானியம் உண்டு என்கிறார்கள், அதையும் சேர்த்து வாங்க முடியுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கணக்குப்புள்ளி எழுதியது:

மானியத்தை ஓரமாக வைத்துவிட்டு முதலில் தானியத்தை எண்ணுங்கள். 60 ஏக்கர், நாலரை குவிண்டால் என்றால் நல்ல வருஷத்திலேயே 27 டன்தான். மணிக்கு 200 கிலோ லைன், நாளைக்கு 6 மணி நேரம் ஓடினால் 1.2 டன் தின்னும். 23 நாளில் உங்கள் மொத்த விளைச்சலும் தீர்ந்துவிடும். மீதி 11 மாதம் அந்த இயந்திரம் சும்மா நிற்கும், தவணை மட்டும் நிற்காது.

22 லட்சத்துக்கு எடுத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். உங்கள் பங்கு 10%, அதாவது 2.2 லட்சம். வங்கிக் கடன் 19.8 லட்சம். 35% மானியம் 7.7 லட்சம் முழுவதும் கிடைத்ததாகவே வைத்துக்கொள்வோம். நிகரக் கடன் 12.1 லட்சம். ஐந்து வருஷத்தில் அடைக்க வருஷத்துக்கு அசல் 2.42 லட்சம், 9% வட்டி என்றால் முதல் வருஷம் 1.09 லட்சம். இரண்டும் சேர்த்து மூன்றரை லட்சம். 27 டன்னுக்குப் பங்கிட்டால் கிலோ தானியத்துக்கு 13 ரூபாய் கடனுக்கே போகும். 100 கிலோ சாமையில் 62 கிலோ அரிசி வந்தால், ஒரு கிலோ அரிசியின் தலையில் 21 ரூபாய். இதற்கு மேல்தான் கரண்ட், கூலி, பை, வண்டி வாடகை எல்லாம்.

மணிக்கு 100 கிலோ போதும், கலர் சார்ட்டர் வேண்டாம் என்று முடிவு செய்து, கொட்டகை வேலையும் சேர்த்து 9 லட்சத்துக்குள் முடித்தால்: உங்கள் பங்கு 90,000, கடன் 8.1 லட்சம், மானியம் 3.15 லட்சம், நிகரக் கடன் 4.95 லட்சம். முதல் வருஷம் அசலும் வட்டியும் சேர்த்து 1.43 லட்சம் சொச்சம். கிலோ தானியத்துக்கு ஏறத்தாழ 5 ரூபாய் 30 காசு. 27 டன்னை அரைக்க 270 மணி நேரம், அதாவது 45 வேலை நாள். பக்கத்து ஊர்களிலிருந்து இன்னொரு 27 டன் கூலிக்கு அரைக்க வந்தால் இந்தச் சுமை பாதியாகும்.

22 லட்சம் திட்டத்தில் மானியம் இரண்டு மடங்குக்கு மேல் வருகிறது, ஆனால் நீங்கள் நஷ்டப்படுவதும் அதில்தான். விற்பவருக்குப் பெரிய லைன்தான் லாபம். உங்களுக்கு அப்படியில்லை.

---

வங்கிமேசை எழுதியது:

மானியம் கைக்கு வராது. இதைத் தெளிவாகப் புரிந்துகொள்ளாமல் இறங்குகிறவர்கள்தான் அதிகம் சிக்கிக்கொள்கிறார்கள்.

பி.எம்.எஃப்.எம்.இ. 2020 ஜூனில் தொடங்கிய, கடனோடு பிணைந்த திட்டம். செலவை மத்திய அரசும் மாநில அரசும் 60:40 என்று பகிர்கின்றன. தகுதியான திட்டச் செலவில் 35%, தனி யூனிட்டுக்கு உச்சவரம்பு 10 லட்சம். வங்கி முதலில் கடனைத் தர வேண்டும். அதன் பிறகு மானியத்தைக் கோர வேண்டும். வந்த மானியம் உங்கள் கடனுக்கு எதிராகத் தனிக் கணக்கில் கிடக்கும். அந்தத் தொகைக்கு உங்களிடம் வட்டி போட மாட்டார்கள், அதற்கு வட்டி தரவும் மாட்டார்கள். கடைசித் தவணைக் கடன் வழங்கிய நாளிலிருந்து 3 வருஷம் கழித்து, கடன் ஒழுங்காக இருந்து யூனிட்டும் ஓடிக்கொண்டிருந்தால்தான் கடனில் கழிப்பார்கள். நடுவில் கணக்கு வாராக்கடன் ஆனால் மானியம் போய்விடும்.

மானியம் வந்து சேரும் வரை வட்டி முழுக் கடனுக்கும் ஓடும் என்பதை மறக்காதீர்கள். முந்தைய பதிவில் உள்ள கணக்கில் அந்த இடைக்கால வட்டி சேரவில்லை. சில மாதங்களுக்காவது அதற்கென்று கையில் பணம் ஒதுக்கி வையுங்கள்.

எந்தச் செலவு சேரும், எது சேராது:

நிலத்தின் விலை சேராது. கட்டட வேலை தகுதியான செலவில் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வாடகைக் கொட்டகை என்றால் 3 வருஷ வாடகை வரை சேர்க்கலாம். தானியம் வாங்கும் நடைமுறை மூலதனத்துக்கு மானியம் கிடையாது, அதற்குத் தனிக் கடன். கடன் ஒப்புதலுக்கு முன்பே முன்பணம் கட்டி இயந்திரத்தை இறக்கிவிட்டு வந்து நிற்காதீர்கள். வங்கி பணத்தை நேராக விற்பனையாளர் கணக்குக்குத்தான் அனுப்பும். ஏற்கெனவே வாங்கியதற்குப் பில் கொண்டுவந்தால் திட்டச் செலவில் ஏற்றுவது பெரும்பாடு.

இன்னொன்று, வேளாண் உள்கட்டமைப்பு நிதி. அது மானியம் அல்ல, வட்டிச் சலுகை. 2 கோடி வரையிலான கடனுக்கு 3% வட்டியை 7 வருஷம் வரை அரசு ஏற்கும். கடன் வட்டி 9 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். முதல்நிலைப் பதப்படுத்தல் அதில் வரும்: சுத்தம் செய்தல், கல் நீக்குதல், தரம் பிரித்தல், உமி நீக்குதல், மாவாக அரைத்தல். சாமை நூடுல்ஸ், பிஸ்கட் மட்டும் செய்யும் யூனிட் வராது. பி.எம்.எஃப்.எம்.இ. கடனுக்கே இந்த 3% சலுகையையும் சேர்த்துப் பெறலாம், தடையில்லை. 4.95 லட்சத்துக்கு 3% என்றால் முதல் வருஷம் 14,850 ரூபாய். இதற்கென்று தனி இணையதளத்தில் தனி விண்ணப்பம் போட வேண்டும். கடன் ஒப்புதலாகும்போதே வங்கி மேலாளரிடம் சொல்லிவிடுங்கள். கிளையில் யாரும் தானாக ஞாபகப்படுத்த மாட்டார்கள்.

வேளாண் பொறியியல் துறை மானியம் வேறு வழி. தனி உழவர் தன் பெயரில் ஓர் இயந்திரம் வாங்க அது நல்லது. ஆனால் ஒரே இயந்திரத்துக்கு இரண்டு மூலதன மானியம் வாங்க முடியாது. ஒரே இன்வாய்ஸ் இரண்டு இடத்தில் தலைகாட்டினால் இரண்டும் போகும். அந்த வழியில் போவதாக இருந்தால் உழவன் செயலியில் பதிவு செய்து, வட்டாட்சியர் தரும் சிறு, குறு விவசாயி சான்றை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

முக்கியமான விஷயம்: பி.எம்.எஃப்.எம்.இ. 2025-26 நிதியாண்டு முடிய என்றுதான் நீட்டிக்கப்பட்டது. அதனால் இணையதளம் புது விண்ணப்பம் ஏற்கிறதா என்று பார்த்துவிட்டு மற்ற வேலையில் இறங்குங்கள். ஏற்கவில்லை என்றால் பி.எம்.இ.ஜி.பி. என்ற, பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் வரையிலான திட்டம், ஊரகப் பகுதியில் பொதுப் பிரிவுக்கு 25%, பெண்கள், பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், சிறுபான்மையினர் உள்ளிட்ட சிறப்புப் பிரிவுக்கு 35%. சிறப்புப் பிரிவுக்குச் சொந்தப் பங்கு 5% போதும். ஆனால் புது யூனிட்டாக இருக்க வேண்டும், ஏற்கெனவே ஓடுகிற யூனிட்டுக்குக் கிடைக்காது. மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள்.

---

உமித்தூசி எழுதியது:

இயந்திரம் பற்றி மட்டும் சொல்கிறேன்.

100 கிலோ லைனுக்கு வேண்டியவை: தூசு, சக்கை, கனத்த கல் போக்கச் சல்லடைக் கிரேடர் ஒன்று. தானிய அளவிலேயே இருக்கும் பொடிக்கல்லைப் பிரிக்க டீஸ்டோனர். மோதலில் உமி நீக்கும் வகை டீஹல்லர், உமியைக் காற்றால் பிரிக்க அதோடு சேர்ந்த ஆஸ்பிரேட்டர். உமி நீங்காததைப் பிரித்துத் திரும்ப அனுப்ப இன்னொரு சல்லடை. தராசு, சீலர். இவ்வளவே போதும். டீஸ்டோனரை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். மண்களத்தில் அடித்த சாமையில் வரும் கல் அரிசியோடு அரிசியாகக் கலந்துவிடும், முறத்தில் புடைத்தாலும் போகாது. சோற்றில் ஒரு முறை கல் கடிபட்டால் அந்த வாடிக்கையாளர் திரும்ப வரமாட்டார்.

டீஹல்லரில் சுழலும் இம்பெல்லர் தானியத்தை ரப்பர் பூசிய சுவரில் விசிறி அடிக்கும், அந்த மோதலில் உமி கழலும். வேகம் கூடினால் குருணை, குறைந்தால் உமியோடே வெளியே வரும். சாமைக்கும் தினைக்கும் வரகுக்கும் ஒரே வேகம் ஒத்துவராது. அதனால் மோட்டாருக்கு வேகம் மாற்றும் வி.எஃப்.டி. கட்டாயம் கேளுங்கள். ரப்பர் தேயும் பொருள். தேய்ந்தால் அரிசி உடையத் தொடங்கும், அதுதான் அடையாளம். மாற்று ரப்பர், பேரிங், பெல்ட் மூன்றும் எங்கே, எத்தனை நாளில் கிடைக்கும் என்பதைக் கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள்.

ஈரப்பதம் 10 முதல் 12 சதவீதத்துக்குள் இருக்கட்டும். ஈரம் கூடினால் உமி நார்போல் இழுபட்டு ஒட்டிக்கொள்ளும், சல்லடை அடையும். ஒரேயடியாகக் காய்ந்தால் நொறுங்கும். ஈரப்பதமானி ஒன்றைத் திட்டச் செலவிலேயே சேர்த்துவிடுங்கள். மூட்டை வாங்கும் இடத்தில் அளந்து எழுதினால் எடைத் தகராறும் குறையும்.

பணம் கட்டுவதற்கு முன் உங்கள் சாமையிலேயே 50 கிலோ மூட்டை ஒன்றைக் கொண்டுபோய் அவர் பட்டறையில் ஓடவிட்டுப் பாருங்கள். அவர் வைத்திருக்கும் பளிச்சென்ற சாம்பிளில் ஓடவிட்டால் எல்லா இயந்திரமும் நன்றாகத்தான் ஓடும். அரிசி, குருணை, உமித்தவிடு, கல் என்று நான்கையும் தனித்தனியே எடை போடுங்கள். 30 கிலோவுக்குக் குறைவாக முழு அரிசி வந்தால் ஏன் என்று கேளுங்கள். பிறகு உமி விழும் இடத்துக்குப் போய் ஒரு கை அள்ளி ஊதிப் பாருங்கள். உமி பறந்த பின் உள்ளங்கையில் அரிசி நின்றால் ஆஸ்பிரேட்டர் காற்று அதிகம், உங்கள் லாபம் உமிக் குவியலில் போகிறது என்று அர்த்தம். அடுத்து ஒரு கைப்பிடி அரிசியை வெள்ளைத் துணியில் பரப்பி, உமி நீங்காத மணிகளை எண்ணுங்கள். இரண்டாவது முறை ஓட்டிய பிறகும் ஆங்காங்கே பளபளவென்று நின்றால் சல்லடை ஓட்டை அளவு சாமைக்குப் பொருந்தவில்லை.

கலர் சார்ட்டர் பற்றி ஒன்று. அது கெட்ட இயந்திரம் இல்லை. பெரிய கடைகளுக்கும் ஏற்றுமதிக்கும் வேண்டும். ஆனால் கம்ப்ரஸரும் உலர்ந்த காற்றும் நிலையான மின்னழுத்தமும் இல்லாத இடத்தில் அது பாரம்தான். 27 டன்னுக்கு, சார்ட்டர் உள்ள ஆலையில் கூலிக்குக் கொடுத்துப் பிரிப்பதே மலிவு.

வரகையும் கூலிக்கு எடுப்பதாக இருந்தால் கவனம். அதன் உமி பல அடுக்கு, மூன்று நான்கு முறை ஓட்ட வேண்டிவரும், கூலியைச் சாமைக்கு மேல் வையுங்கள். மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த வரகு மயக்கமும் வாந்தியும் தரும், அந்த மூட்டையை யூனிட்டுக்குள்ளேயே விடாதீர்கள்.

---

மலைச்சாமை எழுதியது:

இவ்வளவு விவரத்துக்கு மிக்க நன்றி ஐயா. 100 கிலோ லைன் என்றே முடிவு செய்கிறோம். இன்னும் இரண்டு சந்தேகம். ஒன்று, யார் பெயர் என்பது. எங்களில் ஒருவருக்கு ரோட்டோரம் சொந்த இடம் இருக்கிறது, அவர் பெயரிலேயே போடலாம் என்கிறார்கள். இரண்டாவது, அறுவடையானதும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அரைத்துப் பை போட்டு வைத்துவிடலாமா?

---

கணக்குப்புள்ளி எழுதியது:

இரண்டாவதற்கு முதலில் பதில்: கூடாது. உமியோடு இருக்கும் சாமை ஒரு வருஷத்துக்கு மேலும் கிடக்கும். உமி போனதும் தவிட்டில் உள்ள எண்ணெய் காற்றுபட்டுக் காறத் தொடங்கும். இரண்டு மூன்று மாதத்தில் வாசனை காட்டிக்கொடுத்துவிடும். தவிடு நீக்காத அரிசி என்று சொல்லித்தான் விற்கிறோம், அதனால் இதற்குத் தப்ப வழியில்லை. தானியமாக மூட்டையில், தரையில் படாமல் பலகை மேல் அடுக்கி வையுங்கள். ஆர்டருக்கு ஏற்ப வாரா வாரம் அரையுங்கள். உங்களுக்கு 45 வேலை நாள்தான் என்பதால் வாரத்துக்கு ஒரு நாள் ஓட்டினாலே வருஷம் ஓடிவிடும்.

அப்படியானால் வருஷம் பூராவும் பணம் தானியத்தில் முடங்கிக் கிடக்கும். கிலோ 40 ரூபாய் என்று வைத்தால் 27 டன் வாங்க 10.8 லட்சம். இயந்திரக் கடனைவிடப் பெரிய தொகை இது. திட்ட அறிக்கை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள், யூனிட் படுத்துப்போவதும் இதனால்தான். வழி இரண்டு உண்டு. உறுப்பினர்களே அவரவர் மூட்டையை ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக் கிடங்கில் வைத்துப் பொருளீட்டுக் கடன் எடுக்கலாம். மதிப்பில் 75% வரை, ஓர் உழவருக்கு 3 லட்சம் வரை, 180 நாள், 5% வட்டி. யூனிட் தேவைக்கேற்பப் பணம் கொடுத்து மூட்டையை மீட்டு அரைக்கலாம். இன்னொன்று, பி.எம்.எஃப்.எம்.இ.யில் சுயஉதவிக் குழுவுக்குத் தரும் தொடக்க மூலதனம். உணவு பதப்படுத்தும் வேலையில் இருக்கும் உறுப்பினருக்குத் தலா 40,000, குழுவுக்கு உச்சவரம்பு 4 லட்சம். உங்கள் குழுவில் 14 பேர் என்றாலும் 4 லட்சம்தான். நடைமுறை மூலதனத்துக்கும் சிறு கருவிகளுக்கும் செலவழிக்கலாம். மகளிர் திட்ட அலுவலகம் வழியாகப் போங்கள்.

---

வங்கிமேசை எழுதியது:

பெயர் விஷயம். இடம் இருப்பவர் பெயரில் போடுவது சுலபம், கடனும் சீக்கிரம் கிடைக்கும். ஆனால் சட்டப்படி இயந்திரமும் மானியமும் அவருடையது, கடனும் அவர் தலையில்தான். 60 பேர் பணம் போட்டு ஒருவர் பெயரில் சொத்து எழுதுவது நல்லதில்லை. நாளைக்கு அவர் குடும்பத்தில் பாகப்பிரிவினை வந்தால் டீஹல்லரும் அதில் சேரும். அவர் வேறொரு கடனில் தவணை தவறினால் அவர் சிபில் (கடன் மதிப்பெண்) கெட்டு உங்கள் நடைமுறை மூலதனமும் நின்றுபோகும்.

60 பேருக்காகப் புதிதாக உற்பத்தியாளர் கம்பெனி தொடங்கவும் நான் சொல்ல மாட்டேன். 10 உற்பத்தியாளர்கள் இருந்தால் பதிவு செய்யலாம், உண்மை. ஆனால் குறைந்தது 5 இயக்குநர்கள், முழுநேரத் தலைமை அலுவலர், வருஷாவருஷம் தணிக்கை, கம்பெனிப் பதிவாளரிடம் தாக்கல் என்று செலவு நிற்காது. 27 டன் வியாபாரம் இதைத் தாங்காது. உங்கள் வட்டாரத்தில் ஏற்கெனவே ஓடும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் இருந்தால் 60 பேரும் பங்குதாரராகச் சேர்ந்து, யூனிட்டை அதன் பெயரில் போடுங்கள். குழு வகையில் பொது உள்கட்டமைப்புக்கும் 35% உண்டு, உச்சவரம்பு 3 கோடி. அப்படி ஒன்று இல்லையென்றால் பெண்கள் குழு பெயரில் போவதே எனக்குச் சரியாகப் படுகிறது. தொடக்க மூலதனமும் அவர்களுக்குத்தான் வருகிறது.

இடம் வைத்திருப்பவரிடம் குத்தகை ஒப்பந்தம் போடுங்கள். கடன் காலத்தைவிடக் கூடுதலான காலத்துக்கு, பதிவு செய்து. 11 மாத ஒப்பந்தத்தைக் காட்டி 5 வருஷக் கடன் கேட்டால் வங்கி திருப்பி அனுப்பும். கூட்டுப் பட்டா என்றால் மற்ற பங்காளிகளின் சம்மதமும் எழுத்தில் வேண்டும்.

விண்ணப்பம் திரும்பி வருவதற்கு இன்னும் சில காரணங்கள்: முதல் வருஷமே 100% திறனில் ஓடும் என்று எழுதிய திட்ட அறிக்கை, ஜி.எஸ்.டி. எண் இல்லாத கொட்டேஷன், பொறுப்பாளர் ஒருவரின் பழைய பயிர்க் கடனோ நகைக் கடனோ பாக்கி. அறிக்கையில் உங்கள் 27 டன்னையே எழுதுங்கள், மேலாளர் நம்புவார். 10 லட்சம் வரையிலான குறு, சிறு தொழில் கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி, கேட்டால் மரியாதையாக இதை எடுத்துச் சொல்லுங்கள்.

விண்ணப்பம், திட்ட அறிக்கை, உரிமம் எல்லாவற்றுக்கும் மாவட்டத்துக்கென்று நியமித்த வளநபர் உதவுவார். அவருக்கு அரசே பணம் தருகிறது. உங்களிடம் யாராவது சதவீதம் பேசினால் கொடுக்காதீர்கள்.

---

மும்முனை எழுதியது:

கரண்ட் பற்றி யாரும் சொல்லவில்லை. கிணற்று மோட்டாருக்கான இலவச இணைப்பிலிருந்து டீஹல்லருக்கு வயர் இழுக்காதீர்கள், பிடிபட்டால் அபராதமும் வரும், இணைப்பும் போகும். மோட்டார்களின் மொத்தச் சுமை 12 கிலோவாட்டுக்குள் இருந்தால் குறுந்தொழிலுக்கான 3-ஏ1 கட்டணப் பிரிவில் கேளுங்கள். 100 கிலோ லைன் அதற்குள் அடங்கிவிடும். உத்யம் (குறு, சிறு தொழில்) பதிவு இலவசம், இணைப்புக்கு விண்ணப்பிக்கும்போது கையில் வைத்திருங்கள். இடத்துக்கு மும்முனை லைன் எத்தனை கம்பம் தள்ளி இருக்கிறது என்று கொட்டகை போடுவதற்கு முன்பே மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். கம்பச் செலவு திட்ட அறிக்கையில் இல்லாததால் பாதியில் நிற்கும் யூனிட்டுகள் உண்டு.

கொட்டகையில் உமிக்குத் தனி அறை, உமித்தூசு காற்றில் அடித்து வராத பக்கம் பேக்கிங் அறை. இரண்டும் ஒரே அறையில் இருந்தால் உணவுப் பாதுகாப்புப் பதிவு கொடுக்க வருகிறவர் அதைத்தான் முதலில் குறித்துக்கொள்வார்.

---

உமித்தூசி எழுதியது:

பை போட்டு விற்பதாக இருந்தால் இரண்டு சேர்க்கை. எலக்ட்ரானிக் தராசுக்கு வருஷா வருஷம் முத்திரை வேண்டும். பொட்டலமிடுபவர் என்ற பதிவை, பை போடத் தொடங்கிய 90 நாளுக்குள் எடைச் சட்டப்படி விண்ணப்பிக்க வேண்டும். இரண்டுக்கும் தொழிலாளர் துறை அலுவலகம்தான். பையில் நிகர எடை, விலை, பொட்டலமிட்ட மாதம், உணவுப் பாதுகாப்பு எண், முகவரி எல்லாம் இருக்கட்டும். பை அச்சடிக்க ஆர்டர் கொடுப்பது அந்த எண் கைக்கு வந்த பிறகுதான். எண் இல்லாமல் பத்தாயிரம் பை அடித்துவிட்டு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருப்பது வீண் செலவு.